மெதுவாகப் பாடச் சொன்னால் வேகம் குறைகிறது. டைனமிக்ஸுக்குத் தமிழில் என்ன சொல்?

குன்னூர்ப் பாட்டு டீச்சர்
ஞாயிறு, இரவு 8:50

எங்கள் தேவாலயத்தில் 22 பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி கொடுக்கிறேன். எட்டு வயது முதல் பதினான்கு வரை. இன்று மாலை ஒன்றரை மணி நேரம் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டோம். இரண்டாவது சரணம் சன்னமாக ஒலிக்க வேண்டும். தாளில் அந்த இடத்தில் 'பி' என்று குறி இருக்கிறது. நான் "மெதுவாகப் பாடுங்கள்" என்றேன். பிள்ளைகள் வேகத்தைக் குறைத்தார்கள். சத்தம் அப்படியே இருந்தது. "மெல்லப் பாடுங்கள்" என்றேன். வேகம் இன்னும் குறைந்தது. "குரலைத் தாழ்த்துங்கள்" என்றதும் பெரிய பையன்கள் நான்கு பேர் கீழ் ஸ்தாயிக்கே இறங்கிவிட்டார்கள். கடைசியில் பொறுமை போய், பாதிப் பேரை வாயை மூடச் சொன்னேன். அப்போதும் சத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அது ஏன் என்று இதுவரை புரியவில்லை.

வாசித்துக் காட்டலாம் என்றால் எங்களிடம் இருப்பது பழைய கீபோர்டு. கட்டையைத் தடவினாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான்.

இந்தச் சத்தக் கூடுதல் குறைச்சலுக்கு மேற்கத்திய இசையில் டைனமிக்ஸ் என்று பெயர். தமிழில் என்ன சொல்வது என்று பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் என் மகளைக் கேட்டேன். "இயக்கவியல். ஆனால் அது இயற்பியல் பாடம் அம்மா, பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சம்பந்தமே இல்லாத இரண்டுக்கு ஏன் ஒரே பெயர்? அடுத்த ஞாயிற்றுக்கு முன் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு ஒரு சொல் வேண்டும். யாராவது உதவுங்கள்.


கல்லட்டி 36
ஞாயிறு, இரவு 9:20

டீச்சரம்மா, எனக்குப் பாட்டு தெரியாது. மலைப் பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன்.

பஸ்ஸில் யாராவது "மெதுவாக" என்று கத்தினால் வேகத்தைக் குறைப்போம். வீட்டில் குழந்தை தூங்கும்போது "கதவை மெதுவாகச் சாத்து" என்றால் சத்தம் வராமல் சாத்து என்று பொருள். ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. அவர்கள் பஸ் பொருளை எடுத்துக்கொண்டார்கள், நீங்கள் கதவுப் பொருளில் சொன்னீர்கள்.


மஞ்சூர்க்காரி
ஞாயிறு, இரவு 9:31

கதவுப் பொருள், பஸ் பொருள்! இதற்காகவே இந்த இழையைத் தொடர்கிறேன்.


கோத்தகிரி இயற்பியல்
ஞாயிறு, இரவு 10:45

டீச்சர், உங்கள் மகள் படித்ததைத்தான் சொல்லியிருக்கிறாள். தகராறு அவளுக்குக் கொடுக்கப்பட்ட சொல்லில் இருக்கிறது. பல ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளில் இந்தத் தகராறோடு மல்லுக்கட்டியவன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு பொருளின் அசைவைப் பற்றி இரண்டு விதமாகக் கேட்கலாம். எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது, அந்த வேகம் எப்படி மாறுகிறது என்று கேட்பது கைனமாட்டிக்ஸ். அதை அப்படிப் போக வைத்தது எது என்று கேட்பது டைனமிக்ஸ். கெப்லர் 1609இல் கோள்கள் நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்று எழுதினார். அது முதல் வகை. நியூட்டன் 1687இல் அவற்றை அப்படிச் சுற்ற வைக்கும் ஈர்ப்பு விசையைச் சொன்னார். அது இரண்டாம் வகை. முதல் வகையில் விசை என்ற பேச்சே எழாது. இரண்டாம் வகையில் விசை இல்லாமல் ஒரு வரிகூட எழுத முடியாது.

சொல்லின் வேரும் இதைத்தான் சொல்கிறது. கிரேக்க மொழியில் டுனமிஸ் என்றால் வலு, ஆற்றல். அசைவு என்ற பொருள் அதற்கு இல்லை. அசைவுக்கு அவர்களிடம் கினேமா என்று வேறு சொல் இருந்தது. கைனமாட்டிக்ஸும் சினிமாவும் அந்த வழியில் பிறந்தவை. டைனமோவும், நோபல் 1867இல் பெயரிட்ட டைனமைட்டும் வலுவின் வழி வந்தவை. லைப்னிட்ஸ் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இயற்பியலின் ஒரு துறைக்கு இந்தப் பெயரை வைத்தபோதும் அவர் மனத்தில் இருந்தது பொருள்களுக்குள் இருக்கும் வலுதான்.

இப்போது நம் பாடநூலுக்கு வாருங்கள். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இரண்டாம் அலகின் தலைப்பு இயக்கவியல். ஆங்கில வழி நூலில் அதே அலகு கைனமாட்டிக்ஸ்! எட்டாம் அலகில் தெர்மோடைனமிக்ஸ் வருகிறது. அதன் தமிழ், வெப்ப இயக்கவியல். ஆக, ஒரே நூலில் ஒரே தமிழ்ச் சொல் இரண்டு எதிர்ப் பிள்ளைகளையும் இடுப்பில் தூக்கி வைத்திருக்கிறது. மாணவன் எப்படிப் பிரித்தறிவான்? விசையியல் என்று தனியாக ஒரு சொல் வைத்திருந்தால் உங்கள் மகள் "சத்தமும் விசைதானே" என்று தானே கண்டுபிடித்திருப்பாள்.

பாட்டில் தாளத்தின் வேகம் கைனமாட்டிக்ஸ். குரலுக்குப் பின்னால் நிற்கும் வலு டைனமிக்ஸ். இசைக்காரர்கள் இயற்பியலிலிருந்து வழிதவறி வந்த ஒரு சொல்லை வைத்திருக்கவில்லை. கிரேக்கப் பொருளுக்கு எங்களைப் போலவே அவர்களும் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

பாதிப் பேரை நிறுத்தியும் சத்தம் குறையாததற்கு விடை எளிது. 22 பேர் 11 ஆனால் ஒலி ஆற்றல் பாதியாகிறது. டெசிபல் கணக்கில் அது வெறும் 3 குறைவு. காதுக்கு மெல்லிய வித்தியாசம்தான். நம் காதுக்கு ஒரு சத்தம் பாதியானதாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும், அதாவது ஆற்றல் பத்தில் ஒன்றாக வேண்டும். உங்கள் 22 பேரில் இரண்டே பேரைப் பாட வைத்தால்தான் அது நடக்கும். மற்ற இருபது பேருக்கும் மிட்டாய் கொடுத்து உட்கார வைக்கலாம்.

கீபோர்டு பற்றி ஒரு வார்த்தை. உங்கள் குறை முந்நூறு ஆண்டுப் பழைய குறை. ஹார்ப்சிகார்டு என்ற வாத்தியத்தில் கட்டையை அழுத்தினால் ஒரு சிறு முள் கம்பியைச் சுண்டிவிடும். எவ்வளவு அழுத்தினாலும் சுண்டல் ஒன்றுதான். 1700ஐ ஒட்டி இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி என்பவர் முள்ளை எடுத்துவிட்டுச் சுத்தியலை வைத்தார். விரலின் வலு சுத்தியலுக்குப் போய், அங்கிருந்து கம்பிக்குப் போனது. சன்னமாகவும் உரக்கவும் வாசிக்கலாம் என்பதால் பியானோவும் ஃபோர்ட்டேயும் சேர்ந்த பெயர் வந்தது. காலப்போக்கில் அதில் சன்னத்தைக் குறிக்கும் பியானோ மட்டும் மிஞ்சியது. உங்கள் தாளில் இருக்கும் 'பி'யும் அதே பியானோதான்.


ரன்னிமேடு
திங்கள், காலை 6:10

குன்னூர்ப் பக்கம் இரவெல்லாம் மழை. இன்று மலை ரயில் ஓடுமா? யாருக்காவது தெரியுமா?


மட்டுறுத்துநர்
திங்கள், காலை 7:02

பயணக் கேள்விகளுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே டைனமிக்ஸ் மட்டும்.


ரன்னிமேடு
திங்கள், காலை 7:40

சரி, ரயிலை வைத்தே டைனமிக்ஸ் பேசுகிறேன். அப்போது துரத்த மாட்டீர்கள் அல்லவா?

என் வீட்டுக்குக் கீழே இருப்புப்பாதை. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, நீராவி எஞ்சின். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் இடமெல்லாம் உண்டு. எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும். சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம் அது. எஞ்சின் விடும் மூச்சு சக்கரத்தின் சுற்றோடு கட்டுப்பட்டது. வேகமாகப் போனால் மூச்சு அடுத்தடுத்து வரும், நிதானமாகப் போனால் இடைவெளி விட்டு வரும். ஆனால் மூச்சின் உரப்பு வேறு கணக்கு. ஏற்றம் கடுமையானால் ஒவ்வொரு மூச்சிலும் அதிக நீராவி, அதிக சத்தம். ரயில் அதே வேகத்தில்தான் ஊர்ந்துகொண்டிருக்கும். எஞ்சின் மட்டும் உரக்கக் கத்தும். சம இடத்துக்கு வந்தால் அதே எண்ணிக்கை மூச்சு, ஆனால் சன்னம்.

கோத்தகிரி சார் சொன்ன இரண்டு கேள்விக்கும் எங்கள் எஞ்சின் தனித்தனியாகப் பதில் சொல்கிறது. எண்ணினால் வேகம், கேட்டால் வலு. பிள்ளைகளை ஒரு நாள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கூட்டி வந்து நிறுத்துங்கள் டீச்சர்.

(ரயில் ஓடுமா என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.)


கல்லட்டி 36
திங்கள், காலை 8:15

ரன்னிமேட்டுத் தம்பி ஏற்றத்தைச் சொன்னார். நான் இறக்கத்தைச் சொல்கிறேன்.

புதிதாக மலைக்கு வரும் ஓட்டுநர்கள் ஏற்றத்துக்குத்தான் பயப்படுவார்கள். ஆளைக் கொல்வது இறக்கம். கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது எங்கள் முதல் பாடம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் பத்தாவது வளைவுக்குள் லைனிங் கருகும் வாசனை வரும். அதற்குப் பிறகு மிதித்தாலும் பிடிக்காது.

கவனியுங்கள், நான் ஒரே வேகத்தில், இருபதில், இறங்குகிறேன். வேகமானி முள் அசையவில்லை. வெளியே இருந்து பார்ப்பவனுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று வண்டிக்கும் எனக்கும்தான் தெரியும்.


கோத்தகிரி இயற்பியல்
திங்கள், காலை 9:30

கல்லட்டி அண்ணா, இந்த உதாரணம் எனக்கு முப்பது வருடம் முன்னால் கிடைத்திருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பஸ் 15 டன் என்று வைத்துக்கொள்வோம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமென்றால், அந்த உயரம் கொடுக்கும் ஆற்றல் முழுவதையும் பிரேக்கும் எஞ்சினும் டயரும் காற்றும் சேர்ந்து வெப்பமாக்கிக் கரைக்க வேண்டும். சுமார் 22 கோடி ஜூல். மின்சாரக் கணக்கில் 60 யூனிட்டுக்கு மேல், ஒரே இறக்கத்தில்! பிரேக் மட்டும் அதைச் சுமந்தால் கருகாமல் என்ன செய்யும்?

கைனமாட்டிக்ஸ் நூலில் இந்தப் பயணத்துக்கு ஒரே வரி: சீரான வேகம், கூடவும் இல்லை குறையவும் இல்லை. டைனமிக்ஸில் பக்கம் பக்கமாக எழுதலாம்.


கணினிக்காரன்
திங்கள், பிற்பகல் 1:05

ஊட்டியில் உட்கார்ந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறவன் நான். எங்கள் துறையில் டைனமிக் என்ற சொல் மழைக்குப் பின் வரும் காளான். நிரல் ஓடும்போது தீர்மானமாவது எல்லாம் டைனமிக், முன்கூட்டியே தீர்மானமாவது ஸ்டாட்டிக். இதில் வலுவும் இல்லை விசையும் இல்லை. டைனமிக் புரோகிராமிங் என்று ஒரு கணக்கு முறை உண்டு. 1950களில் அதற்குப் பெயர் வைத்த ரிச்சர்ட் பெல்மன், மேலதிகாரிகளுக்கு ஆராய்ச்சி என்றாலே பிடிக்காததால் யாரும் குறை சொல்ல முடியாத ஒரு சொல்லைத் தேடி இதைப் பிடித்ததாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். டைனமிக் என்ற சொல்லைக் கெட்ட பொருளில் பயன்படுத்தவே முடியாது என்பது அவர் வாதம். ஆக, கோத்தகிரி சார், உங்கள் கிரேக்க வேர் எங்கள் பக்கம் அறுந்துபோய்விட்டது. சொல்லுக்குப் பொருள் பயன்பாட்டில் இருக்கிறது, வேரில் இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கணினி நினைவகத்தில் டைனமிக் என்ற வகையில் ஒவ்வொரு துணுக்கும் ஒரு சிறிய மின்தேக்கியில் தங்குகிறது. மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் வழக்கமாக 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் படித்துத் திரும்ப எழுத வேண்டும். எழுதியது மாறவில்லை, மாறாமல் வைத்திருக்கத்தான் இத்தனை பாடு. கல்லட்டி அண்ணாவின் இறக்கம் ஞாபகம் வந்தது.


கோத்தகிரி இயற்பியல்
திங்கள், மாலை 4:20

வேர் அறுந்துவிட்டது என்று தொடங்கி, விதிவிலக்கு என்று வேரையே கொண்டுவந்து வைக்கிறீர்கள். நன்றி.

பயன்பாடுதான் பொருள் என்பதை ஓரளவுக்குத்தான் ஒப்புவேன். 'சந்தையின் டைனமிக்ஸ்', 'கூட்டணியின் டைனமிக்ஸ்' என்று தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 'நிலவரம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்கிறார்கள். அது வெறும் ஜரிகை. மே மாதம் அறை வாடகை ஏறுவதை டைனமிக் விலை என்கிறார்கள். எங்கள் அப்பா காலத்தில் அதற்கு சீசன் விலை என்று பெயர்.

ஆனால் எல்லாரும் அப்படியில்லை. குழுக்களின் டைனமிக்ஸ் என்ற துறையை வளர்த்த கர்ட் லெவின், 1945இல் அமெரிக்காவில் அதற்கென ஆய்வு மையமே தொடங்கியவர், விசைகள் என்ற படத்தை வைத்தே யோசித்தார். ஒரு குழு அசையாமல் ஒரே பழக்கத்தில் இருந்தால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று அவர் எண்ணவில்லை. முன்னே தள்ளுவதும் பின்னே இழுப்பதும் சமமாக இருக்கின்றன என்றே பார்த்தார். பழக்கத்தை மாற்ற, தள்ளுவதைக் கூட்டுவதைவிட இழுப்பதைக் குறைப்பது நல்லது என்பது அதிலிருந்து வந்த யோசனை. இது சொல்லை அதன் வலுவோடு எடுத்துப்போன கடன்.


கொடை வானம்
திங்கள், மாலை 6:00

பழநி மலையிலிருந்து ஒரு குரல். கெப்லருக்கும் நியூட்டனுக்கும் போவானேன், நம் கொடைக்கானலிலேயே உதாரணம் இருக்கிறது. 1909இல் இங்குள்ள சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியின் ஓரப் பகுதியில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று கண்டார். நிறமாலைக் கோடுகள் சற்றே இடம் பெயர்ந்திருப்பதை அளந்து கண்டது. எந்தத் திசை, எவ்வளவு வேகம் என்று கோடுகள் சொன்னன. எது தள்ளுகிறது என்று சொல்லவில்லை. புள்ளிகளில் வலுவான காந்தப் புலம் இருப்பதை அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவில் ஹேல் கண்டிருந்தார். அந்தக் காந்தப் புலமும் கொதித்தெழும் வாயுவும் சேர்ந்து இந்தப் பாய்ச்சலை எப்படி உண்டாக்குகின்றன என்ற விளக்கத்துக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. முதல் கேள்விக்கு விடை நம் மலையில், ஒரு கண்ணாடித் தட்டில் கிடைத்தது.


கூடலூர் லயம்
திங்கள், இரவு 9:15

கோத்தகிரி ஐயாவுக்கு வணக்கம். இயக்கவியல் என்ற சொல்லை இவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள்.

என் தந்தை இலங்கையில் மலையகத்தில் படித்து, சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கூடலூர் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். அங்கே பாடநூல்களில் ஸ்டாட்டிக்ஸ் என்றால் நிலையியல், டைனமிக்ஸ் என்றால் இயக்கவியல், குழப்பமே இல்லை. அவர்கள் சொல் வகுத்த ஒழுங்கைப் பாருங்கள்: வெறும் வேக அளவுக்குக் கதி, திசையோடு கூடியதற்கு வேகம். வேகம் கூடுவது ஆர்முடுகல், குறைவது அமர்முடுகல். தமிழ்நாட்டில் முதலாவதை வேகம் என்றும் இரண்டாவதைத் திசைவேகம் என்றும் சொல்கிறோம். தந்தை எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தபோது "வேகம்" என்றால் இருவருக்கும் வேறு வேறு பொருள். விடை சரியாக வந்தும் அடி வாங்கியிருக்கிறேன்.

இன்னொன்று. தொழிற்சங்க வகுப்புகளில் நாங்கள் படித்த இயக்கவியல் வேறு. அங்கே அது டயலெக்டிக்ஸ். இயக்கவியல் பொருள்முதல்வாதம் என்பார்கள். சிலர் இயங்கியல் என்பார்கள். முரண்பட்ட இரண்டு சக்திகள் ஒன்றையொன்று தள்ளுவதால்தான் மாற்றம் வருகிறது என்பது பாடம். கிரேக்கத்தில் அது உரையாடலோடு தொடர்புடைய வேறு சொல். டுனமிஸுக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் தமிழில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டன. மொழிபெயர்த்தவர்களுக்குத் தெரிந்து நடந்ததோ தெரியாமல் நடந்ததோ, எனக்கு அது பிழையாகப் படவில்லை.


ஊட்டித் தமிழாசிரியை
திங்கள், இரவு 10:30

இயங்கியல், இயக்கவியல் இரண்டையும் கூடலூர்த் தம்பி பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். அதனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

இயங்கு தன்வினை. தானே அசைவது. இயக்கு பிறவினை. பிறிதொன்றை அசையச் செய்வது. திருந்து, திருத்து, அடங்கு, அடக்கு, உருண்டான், உருட்டினான். மெல்லினம் இருந்த இடத்தில் வல்லினம் வந்து உட்கார்ந்தால் வினையின் பொறுப்பு இன்னொருவர் கைக்குப் போகிறது. எழுத்திலேயே வலு கூடுகிறது!

ஆகவே அசைவை மட்டும் சொல்லும் கைனமாட்டிக்ஸ் இயங்கியல். அசைய வைப்பதைச் சொல்லும் டைனமிக்ஸ் இயக்கவியல். இயற்பியல் சார் கேட்கும் வேறுபாடு நம் வினைச்சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. விசையியல் என்று புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. பாடநூலில் தலைப்பைத்தான் இடம் மாற்றி ஒட்டிவிட்டார்கள்.

ஆனால் பாட்டு டீச்சர் அக்காவுக்கு இது உதவாது. சிலப்பதிகார உரையில் இசைக்கு நான்கு இயக்கம் சொல்லப்படுகிறது: முதனடை, வாரம், கூடை, திரள். தாழ்ந்த நடையிலிருந்து விரைந்த நடை வரை. அதாவது பாட்டில் இயக்கம் என்றால் வேகம்! பிள்ளைகளிடம் இயக்கம் என்று சொன்னால் மறுபடியும் பஸ்தான்.


கோத்தகிரி இயற்பியல்
திங்கள், இரவு 10:52

இயங்கு, இயக்கு. இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியும் எனக்கு இது தோன்றவில்லை. விசையியலைத் திரும்பப் பெறுகிறேன். பாடநூல் மேல் உள்ள கோபத்தைத் திரும்பப் பெறவில்லை.


மஞ்சூர்க்காரி
செவ்வாய், காலை 7:20

எல்லாம் சரி, டீச்சர் கேட்ட சொல் எங்கே? ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும்.


கொடை வானம்
செவ்வாய், காலை 11:40

பழைய தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று உண்டு என்று படித்திருக்கிறேன். மெலிவு என்றே சொல்லலாமே? அழகாகவும் இருக்கிறது.


பழநித் தவில்
செவ்வாய், மாலை 5:30

வேண்டவே வேண்டாம். மெலிவு, சமன், வலிவு மூன்றும் ஸ்தாயி. மெலிவு என்றால் கீழ் ஸ்தாயி, வலிவு என்றால் மேல் ஸ்தாயி. அந்தச் சொல்லைச் சொன்னால் டீச்சரின் நான்கு பெரிய பையன்களும் மறுபடி கிணற்றுக்குள் இறங்குவார்கள்.

நான் மலையடிவாரத்துத் தவில்காரன். கொடைக்கானல், நீலகிரி இரண்டு பக்கமும் கோயில் திருவிழாக்களுக்கு வாசிக்க வருவேன். எங்கள் வாத்தியம் சத்தத்துக்கென்றே பிறந்தது. சாமி நான்கு வீதி சுற்றி வரும்போது கடைசி வீட்டுக்கும் கேட்க வேண்டும். நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்கள் ஊதும் 'கொள்' என்ற குழலும் அப்படித் திறந்தவெளி வாத்தியம்தான். அதற்காக நாங்கள் எப்போதும் அடித்து நொறுக்குகிறோம் என்று எண்ண வேண்டாம். நாகசுரக்காரர் ராகத்தில் ஆழ்ந்து ஒரு நுணுக்கமான இடத்துக்குப் போகும்போது தவில் தணிந்து நிற்க வேண்டும். தாளம் துளி பிசகக் கூடாது. கூடு போட்ட விரல்கள் வலந்தலையில் பட்டும் படாமலும் விழும், இடது பக்கம் கழி தோலைத் தொட்டுவிட்டு வரும். வேகம் அதே, அடி மட்டும் சின்னது. அதற்கு எங்கள் பெரியவர்கள் ஒரு கண் பார்வை பார்ப்பார்கள். பார்வை எட்டவில்லை என்றால் சொல்வது இரண்டே சொல்: அடக்கி வாசி.

நீங்கள் எல்லாரும் வீட்டில் தினமும் சொல்கிற சொல்தான். துள்ளுகிறவனைப் பார்த்து "கொஞ்சம் அடக்கி வாசி" என்கிறோமே, மேடையில் அதற்குச் சொன்னபடியே பொருள். அடக்கிப் பாடு என்று சொல்லிப் பாருங்கள் டீச்சர்.


ஊட்டித் தமிழாசிரியை
செவ்வாய், மாலை 6:05

அடங்கு, அடக்கு என்று நேற்று நானே எடுத்துக்காட்டு எழுதினேன். எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன்! அடங்கிப் பாடு என்றால் தானாக ஓய்வது. அடக்கிப் பாடு என்றால் வலு இருக்க, அதைப் பிடித்து நிறுத்துவது. மெதுவாக, மெல்ல என்பவற்றில் இல்லாதது இதுதான்.


கணினிக்காரன்
செவ்வாய், இரவு 8:30

தவில் அண்ணனுக்கு வணக்கம். மூன்று நாள் நாங்கள் கிரேக்கத்துக்கும் அமெரிக்காவுக்கும் சூரியனுக்கும் போய்வந்தோம்.


குன்னூர்ப் பாட்டு டீச்சர்
ஞாயிறு, இரவு 8:15

எல்லாருக்கும் நன்றி. இன்று பயிற்சி முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

"அடக்கிப் பாடுங்கள்" என்றதும் முதலில் ஒரே சிரிப்பு. அம்மா அப்பாவிடம் சொல்கிற சொல் என்று ஒரு பெண் எழுந்து அறிவித்தாள். சிரித்து முடித்த பிறகு பாடினார்கள். சத்தம் குறைந்தது! வேகம் மாறவில்லை. கீபோர்டின் தாளப்பெட்டியைத் தனியாக ஓட விட்டுச் சரிபார்த்தேன். கடைசி வரி வரை பிசகவில்லை. நடுவில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் கூடத்துக்குத் தகரக் கூரை. மழை கொட்டக் கொட்ட யாரும் சொல்லாமலே பிள்ளைகளின் குரல் ஏறிவிட்டது. மழை நின்ற பிறகும் கொஞ்ச நேரம் இறங்கவில்லை.

ஆனால் இன்னொரு வம்பு. அடக்கிப் பாடும்போது சுருதி இறங்குகிறது. சரணம் முடிந்து கீபோர்டைத் தொட்டால் கிட்டத்தட்ட அரை சுரம் கீழே நிற்கிறோம். உரக்கப் பாடும் பல்லவியில் இது நடப்பதில்லை.


கோத்தகிரி இயற்பியல்
ஞாயிறு, இரவு 8:40

மழைக்குக் குரல் ஏறுவது நம் எல்லாருக்கும் இயல்பு. சத்தத்துக்கு நடுவில் பேசுகிறவர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் இதை எழுதி வைத்தார், அவர் பெயரிலேயே வழங்குகிறது. பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். சுருதிக்குத் தவில் அண்ணன்தான் வர வேண்டும்.


பழநித் தவில்
ஞாயிறு, இரவு 9:25

நாகசுரத்திலும் இதே கதை டீச்சர். காற்றைக் குறைத்தால் சுருதி இறங்கும். அதனால் சன்னமாக ஊதுகிறவர் காற்றைக் குறைத்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். சீவாளியை உதட்டால் இறுக்கிச் சுரத்தை விழாமல் பிடிப்பார். உரக்க ஊதுவதைவிட அதற்கு உழைப்பு அதிகம். அப்படி வாசித்த இரவுகளில்தான் உதடு வலிக்கும் என்பார் எங்கள் நாகசுரக்காரர்.

உங்கள் பிள்ளைகள் சத்தத்தோடு சேர்த்து மூச்சையும் விட்டுவிடுகிறார்கள். நிமிர்ந்து நிற்க வையுங்கள். உரக்கப் பாட எடுக்கும் அதே முழு மூச்சை எடுக்கட்டும். வெளியே விடுவதை மட்டும் இறுக்கிப் பிடிக்கட்டும். வயிற்றில் கை வைத்துப் பார்த்தால் தெரியும், சரணத்தில் வயிறு தளரக் கூடாது.


கல்லட்டி 36
ஞாயிறு, இரவு 9:40

அவர்கள் நியூட்ரலில் இறங்குகிறார்கள் டீச்சரம்மா. கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள்.


குன்னூர்ப் பாட்டு டீச்சர்
ஞாயிறு, இரவு 9:52

பெரிய பையன்கள் நான்கு பேருக்கும் இந்த ஒரு வரி போதும் அண்ணா. புதன்கிழமை இன்னொரு பயிற்சி வைத்திருக்கிறேன். ரன்னிமேட்டுத் தம்பி, அன்றைக்கு ரயில் ஓடுகிறதா என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளைகளை முதலில் உங்கள் வீட்டுப் பக்கம் கூட்டி வருகிறேன்.